அவர் தனியா வரையல, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல என் வீட்டுக்காரரைப் பத்தி நாலு பக்கம் போட்டதுக்கு நன்றி. "இந்த வயதிலும் தனி ஆளாக வரைகிறார்"னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறவே மாட்டேங்குது. உங்க ஆள் வந்தப்போ பெரிய கேன்வாஸை நாங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் திருப்பிக்கிட்டு இருந்தோம், பாத்துட்டுத்தான் போனாரு. போட்டோவுல ஓரமா தெரியுற முழங்கை என்னோடது, மீதியை வெட்டிட்டீங்க, சந்தோஷம்.

அவருக்குக் கை நடுக்கம் வந்து வருஷமாச்சு. எங்க எது வரணும்ங்குறது இப்பவும் அவர் கண்ணுதான், நான் இல்லேன்னு சொல்லல, ஆனா அந்தக் கோடெல்லாம் பிசிறில்லாம நிக்குதே, அதை இழுக்குறது நான். கலர் கலக்குறதும் நான்தான், அக்ரிலிக் காஞ்சா கொஞ்சம் இருண்டுடும், அதனால முன்னாடியே வெளுப்பா கலக்கணும், எவ்வளவு வெளுப்புன்னு எங்களுக்குள்ள தினமும் சண்டை. நான் ஜெயிச்ச படங்களைத்தான் நீங்க "முதிர்ச்சி"ன்னு புகழ்ந்திருக்கீங்க!

இதெல்லாம் புதுசில்ல. ரெண்டு பேர் பேரும் போட்டா விலை போகாதுன்னு ஒரு கேலரியில மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. ஒரு பாராட்டு விழாவுல எனக்கு மேடையில சேர் கூட கிடையாது, கடைசியில மட்டும் குடும்பத்தினருக்கு நன்றி.

உங்களுக்குத் தெரியாததா. கட்டடங்களைத் துணியால போர்த்தின கலைஞர் கிறிஸ்டோவும் அவர் மனைவி ழான் கிளாடும் சேர்ந்து செஞ்ச பெரிய வேலைகளுக்கெல்லாம் 1994 வரைக்கும் கிறிஸ்டோ பேர் மட்டும்தான், அப்புறம்தான் ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு அவங்களே அறிவிச்சாங்க. அந்தம்மா 2009லயும் அவர் 2020லயும் போயிட்டாங்க, ஆனாலும் 2021ல பாரிஸ்ல ஆர்க் டி ட்ரியோம்ப் வளைவைத் துணியால போர்த்தினப்போ ரெண்டு பேரோட பேரும் இருந்துச்சு. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் கதை அப்படியில்ல. முடக்குவாதத்துல விரல் மடங்கிப்போன பிறகு அவர் பேர்ல வந்த சிற்பங்கள்ல களிமண்ணைத் தொட்டது ரிச்சர்ட் கினோன்னு ஒரு இளைஞர், அவரும் கூட்டுப் படைப்பாளிதான்னு பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணினது 1973ல, ரெனுவார் செத்தது 1919ல! நிஜமாவே தனியா உக்காந்து வேலை பாக்குற வயசானவங்களும் இருக்காங்க, அவங்க பாடு இன்னும் கஷ்டம், அவங்களைப் பத்தி எழுதுங்களேன்.

பேட்டியில என் பேரைச் சொன்னதா இவர் சத்தியம் பண்றாரு. எங்க போச்சுன்னு உங்களைத்தான் கேக்கணும்.

அடுத்த இதழ்ல ரெண்டு வரி திருத்தம் போட்டா போதும். புதுக் கண்காட்சிக்கான கேட்லாக்ல உங்க கட்டுரையை அப்படியே எடுத்துப் போடப் போறாங்களாம், அது அச்சுக்குப் போறதுக்குள்ள வந்தா உபகாரமா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி