அதிர்ச்சிப் பட்டை வேண்டாம், இடைவெளி கொடுங்கள்
சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே நிற்பவரைப் பார்த்துக் குரைத்துப் பாயும் நாய்களைப் பற்றி எழுதுகிறோம். புகார் வந்ததும், "நாயை அடக்குங்கள், முடியாவிட்டால் வெளியேற்றுங்கள்" என்று வளர்ப்பவருக்குக் கடிதம் போகிறது. பதறிப்போனவர் இணையத்தில் நாயின் கழுத்தில் மின் அதிர்ச்சி தரும் ஒரு பட்டையை வாங்கி மாட்டிவிடுகிறார். ஆபத்து அங்கேதான் பெரிதாகிறது.

இந்த நாய்களில் பெரும்பாலானவை பயத்தில் குரைப்பவை. குழந்தையைக் கண்டு உறுமும் கணத்தில் கழுத்தில் வலித்தால், அந்த வலிக்குக் காரணம் குழந்தைதான் என்று நாய் எடுத்துக்கொள்ளக்கூடும். உறுமினால் வலிக்கும் என்று கற்ற நாய் உறுமுவதை நிறுத்தலாம், பயம் போகாது. பிறகு எச்சரிக்காமலே கடிக்கலாம். உள்பக்கம் முள் வைத்த கழுத்துப்பட்டை, கயிற்றைச் சுண்டி இழுப்பது, செக்யூரிட்டி தடியால் தரையைத் தட்டுவது எல்லாமே இந்த வகைதான். வேல்ஸ் நாடு 2010-லேயே அதிர்ச்சிப் பட்டைகளைத் தடை செய்துவிட்டது.

பலன் தரும் வழி மெதுவானது. முதலில் கால்நடை மருத்துவர் காது, பல், இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். திடீரென்று மாறிய நாய்க்கு எங்கேயோ வலி இருக்கக்கூடும். அடுத்து தூரம். எதிரே இன்னொரு நாயைப் பார்த்தும் தீனியைத் தின்கிறது, பெயர் சொன்னால் திரும்புகிறது என்றால் அது சரியான தூரம். ஒரு நாய்க்கு 10 மீட்டர் போதும், இன்னொன்றுக்கு 40 வேண்டும். வாயை மூடி, உடல் விறைத்து, இமைக்காமல் பார்த்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

எதிர்நாய் கண்ணில் பட்ட ஓரிரு நொடிக்குள், உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழித்துண்டு, பட்டாணி அளவில் ஒன்று கொடுக்க வேண்டும். அந்த நாய் கண்ணில் இருக்கும்வரை ஒவ்வொன்றாகத் தொடர வேண்டும், மறைந்ததும் நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் கெடும்: தீனியை முதலில் நீட்டினால், கோழி வந்தாலே ஏதோ பயங்கரம் வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒரு தடவைப் பயிற்சிக்கு 5 நிமிடம் போதும். எதிர்நாயைப் பார்த்ததும் தானாகவே வளர்ப்பவர் பக்கம் திரும்பத் தொடங்கிய பிறகே ஓரிரு மீட்டர் குறைக்கலாம். குரைத்துவிட்டால் திட்டாமல் திரும்பி நடந்துவிட வேண்டும். ஒரு பெரிய மிரட்சிக்குப் பின் உடம்பு அடங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். தீபாவளி வாரத்தில் இந்தப் பயிற்சியே வேண்டாம்.

இதில் வளர்ப்பவரால் தனியாகச் செய்ய முடியாதது அந்த இடைவெளி. லிஃப்டுக்குள் இரண்டு மீட்டர்கூட இல்லை. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட நாய் இருக்கும்போது லிஃப்டில் வேறு யாரும் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். கார் நிறுத்துமிடத்தின் குருட்டு மூலைகளில் குவியாடி மாட்டுங்கள். விடிகாலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் வளாகத்தின் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். நாயை முறைக்காமல் ஒதுங்கி நிற்கச் செக்யூரிட்டிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடிக்காமலிருக்க நாய்க்கு மாட்டும் வாய்மூடி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது வாய்திறந்து மூச்சிரைத்துத்தான். வாயை இறுக்கும் துணி வாய்மூடியைச் சென்னையின் மே மாதத்தில் மாட்டி நடத்தினால் வெப்பத் தாக்கத்தில் உயிரே போகலாம். வாய் திறக்க இடமுள்ள கூடை வகை மட்டுமே வேண்டும். அதற்குள் தீனி வைத்து, மூக்கை நாயே நுழைக்கவிட்டு, பிறகு வாரைப் பூட்டிப் பழக்க இரண்டு வாரமாவது ஆகும். ஆகவே "நாளை முதல் கட்டாயம்" என்று எழுதாதீர்கள்.

வளர்ப்பவருக்கும் கடமை உண்டு: நீண்டு சுருங்கும் கயிறு இல்லாமல் 2 மீட்டர் சாதாரணக் கயிறு, நெஞ்சுப்பட்டை, தவறாத வெறிநாய்த் தடுப்பூசி. இவற்றை அவரிடம் வலியுறுத்துங்கள். ஆனால் செல்லப்பிராணிகளை வளர்க்கவோ லிஃப்டில் கொண்டுபோகவோ சங்கம் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. விலங்குக்குத் தேவையற்ற வலி தருவது 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம்.

அடுத்த புகார் வரும்போது, எந்த இடம், எத்தனை மணி, எதிரே யார், எவ்வளவு தூரம் என்று நான்கையும் பதிவேட்டில் எழுதி வளர்ப்பவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர்கள் சிலர்