நாலாவதாக வந்த பிள்ளையின் நேரத்தையும் எழுதுங்கள்

கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுகிறாள். போன ஆடி மாதம் ஒரு போட்டியில் நடந்ததைச் சொல்லி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அன்று காற்று புழுதியை வாரி அடித்தது. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்தே போயிருந்தது. வளைவு முடியும் வரைக்கும் மூன்றாவதாக வந்தவள், கடைசி இருபது மீட்டரில் இன்னொரு பிள்ளையிடம் இடத்தை விட்டாள். கோட்டைத் தாண்டி முழங்காலில் கையை ஊன்றி நின்றாள். கணுக்கால் வரைக்கும் சுண்ணாம்பு. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கவில்லை. நேராக ஸ்டாப் வாட்ச் வைத்திருந்தவரிடம் போய், "சார், என் டைம் எவ்ளோ சார்?" என்றாள். அவர் நல்ல மனிதர்தான், முகம் சுளிக்கவில்லை. "மொத மூணு பேருக்குத்தாம்மா எடுப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஹீட்ஸுக்குப் பேர் கூப்பிடப் போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது வெகுநேரம் பேசாமல் வந்தவள், "தோத்தது பரவால்லம்மா. எவ்ளோல தோத்தேன்னு தெரியலையே" என்றாள். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை.

விளையாட்டு விழா மேடைகளில் பி.டி. உஷாவைப் பற்றி நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள். 1984, லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போயிற்று. கதை வழக்கமாக அங்கே முடிந்துவிடும், அரங்கத்தில் ஒரு 'உச்' கேட்கும்.

ஆனால் மிச்சக் கதையில்தான் என் வேண்டுகோள் இருக்கிறது. நாலாவதாக வந்தவரின் அந்த 55.42 இந்தியாவின் சாதனையாக நின்றது, 39 ஆண்டுகள். 2023 அக்டோபர் 2-ஆம் தேதி, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹீட்ஸில், நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் அதே தூரத்தை ஓடினார். 55.42. நூறில் ஒரு பங்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். உஷா ஓடிய நாளில் இந்தப் பெண் பிறக்கவே இல்லை. நாலாம் இடத்துக்கு நேரம் எதற்கு என்று அன்றைக்கு யாராவது வாட்சை நிறுத்தியிருந்தால், வித்யா எதை எட்டிப் பிடித்திருப்பார்?

மில்கா சிங்கும் 1960 ரோம் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் ஓட்டத்தில் நாலாவதுதான். அந்த ஓட்டத்தின் நேரம் 38 ஆண்டுகள் இந்திய சாதனையாக இருந்தது.

மாரியப்பன் தங்கவேலுவைச் சொல்லும்போதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஐந்து வயதில் பஸ் ஏறி நசுங்கிய கால், காய்கறி விற்று வளர்த்த அம்மா, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். சேலத்துக் கிராமத்திலிருந்து அங்கே போன அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும். ஆனால் பேச்சு தங்கத்தோடு நின்றுவிடுகிறது. டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். பதக்கத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அவர் படிப்படியாக இறங்கி வந்ததுபோல் தெரியும். அளவைப் பாருங்கள்: எட்டு வருடத்தில் வித்தியாசம் நான்கே சென்டிமீட்டர். மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கத்தோடு திரும்பியவர் அவர். எனக்கு மூன்றிலும் பெரியது பாரிஸ் வெண்கலம்தான். பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள் ஐயா.

அளவு எழுதுவது என் தொழில். கடையில் பதினாறு வருடத்து அளவு நோட்டுகள் இருக்கின்றன. பாவாடை சட்டைக்கு அளவு கொடுத்த பிள்ளை கல்யாண ஜாக்கெட்டுக்கு வரும்போது பழைய பக்கத்தைப் புரட்டிக் காட்டுவேன். "அக்கா, நான் இவ்ளோ குட்டியா இருந்தேனா!" என்று சிரிப்பார்கள். வளர்ந்திருக்கிறோம் என்பது பழைய அளவு கண் முன்னால் இருந்தால்தானே தெரியும்?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே பி.டி. சார் இருக்கிற பள்ளிகள் உண்டு. குளுக்கோஸும் எலுமிச்சம்பழமும் கைக்காசில் வாங்கித் தருகிறவர்கள் நீங்கள். நான் கேட்பதற்குப் பணச் செலவு இல்லை. இப்போது வருகிற ஸ்டாப் வாட்சிலும் செல்போனிலும் லேப் பட்டன் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் கோட்டைத் தாண்டும்போது ஒரு அமுக்கு. பக்கத்தில் ஒருவர் நின்று, வருகிற வரிசையில் செஸ்ட் நம்பரை எழுதிக்கொண்டால், பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஆறாம் வகுப்பில் ஓடிய நேரமும் பன்னிரண்டாம் வகுப்பில் ஓடிய நேரமும் ஒரே நோட்டில் இருக்கட்டும். ஆண்டு விழாவில், போன வருடத்தைவிட அதிக விநாடி குறைத்த பிள்ளையை, எத்தனையாவது இடத்தில் வந்திருந்தாலும், மேடைக்குக் கூப்பிடுங்கள். தலைமை ஆசிரியர்களுக்கு இன்னொன்று: பொதுத்தேர்வு வருகிறது என்று பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தப் போட்டிக்குப் பிறகு, கொத்தனார் அண்ணன் ஒருவரிடம் முப்பது மீட்டர் டேப்பை இரவல் வாங்கி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் 200 மீட்டர் அளந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈரமணலில் அவள் போய்த் திரும்பி ஓடுவாள். அவள் தம்பி செல்போனில் நேரம் எடுப்பான். என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறோம்: 1 நிமிடம் 31, 1.29, மறுபடியும் 1.29, பிறகு 1.26. மணலில் ஓடுவது ட்ராக் ஆகாது, சரிதான். ஆனாலும் 1.26 எழுதிய அன்று, அந்தப் பக்கத்தை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாள் என்று நான் பார்த்தேன்.

அடுத்த ஆடியில் குறுவட்டப் போட்டி வரும். ஆள் பற்றவில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அரை நாள் கடையை மூடிவிட்டு, நோட்டும் பென்சிலுமாக வந்து கோட்டருகே நிற்கிறேன். எட்டாவதாக வருகிற பிள்ளை வரைக்கும் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓடுகிற பெண் ஒருத்தியின் அம்மா,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்