கையால் பின்னிய கூடைக்கு ஒரு முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஆவணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாணம். தாம்பூலத்துக்கு 150 சின்ன வயர் கூடை வேண்டும் என்று பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார். நிறம்கூடப் பேசி முடித்துவிட்டோம், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. மாதிரிக்கு ஒன்று பின்னிக் கொடுத்தேன், அதை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்து கைபேசியை நீட்டினார். அதே அளவு, கிட்டத்தட்ட அதே மஞ்சள், ஒன்று 45 ரூபாய். நான் சொன்ன விலை 110. "அக்கா, நீங்களும் 50க்குக் கொடுத்தால் உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை, கல்யாணச் செலவில் இருக்கிறவர் பத்து இடம் விலை கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்தச் சின்னக் கூடைக்கு வயர் மட்டுமே 35 ரூபாய்க்கு ஆகிறது. மீதி 15 ரூபாய்க்கு இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் போனேன். தேங்காய், வெற்றிலை பாக்கோடு அந்தக் கூடை என் கைக்கே வந்தது. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அதில் ஒரு முடிச்சுகூட இல்லை. முடிச்சு மாதிரியே மேடு மேடாக அச்சில் வார்த்திருக்கிறார்கள். நகத்தை விட்டுப் பார்த்தேன், உள்ளே போகவில்லை, எல்லாம் ஒரே தகடு. அடியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர், ஆங்கிலத்தில் 'ஹேண்ட்மேட்'. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்த ஸ்டிக்கர்தான்.

மெஷினில் செய்த கூடை மலிவாக விற்பதில் எனக்குப் புகார் இல்லை. அது ஒரு நிமிடத்தில் வார்த்து எடுக்கிற பொருள், மலிவாகத்தான் இருக்கும், அதை வாங்க ஆளும் இருக்கிறார்கள். அதற்கு எங்கள் பெயரை ஒட்டி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களிடம் இருப்பது கையால் செய்தது என்ற அந்த ஒரு சொல்தான். அதையும் எடுத்துக்கொண்டால் அப்புறம் நாங்கள் என்ன சொல்லி விற்பது?

கணக்கைத் திறந்தே சொல்கிறேன், ஏனென்றால் 'வயர் என்ன விலை இருக்கும், இதற்கு 400 ரூபாயா' என்று கேட்காத ஆள் இல்லை. மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிற அளவில் இரண்டு ரோல் வயர் பிடிக்கிற கூடை ஒன்று. ரோல் 70 ரூபாய் என்றால் 140, கைப்பிடிக்கு இன்னும் 20, ஆக 160. சாதா முடிச்சாக இருந்தால் எனக்குப் பத்து மணி நேரம் பிடிக்கும். சிவன் கண் முடிச்சோ நெல்லிக்காய் முடிச்சோ கேட்டால் வயரும் கூட, நேரமும் கூட. சமையல், பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பத்து மணி நேரம் இரண்டு மூன்று நாளாக இழுக்கும். 400க்கு விற்றால் என் கையில் நிற்பது 240. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். இருபது வருடமாக விரல் பழகிய வேலைக்கு நான் கேட்பது அதையும்விடக் குறைவு. அதே கூடையை 250க்குக் கேட்கிறார்கள் என்றால் மணிக்கு 9 ரூபாய்க்குப் பின்னச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

வயர் ஓரம் கூர்மையானது. புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு முதல் வாரமே ஆள்காட்டி விரல் அறுபடும், பிறகு அந்த இடம் காய்த்துப்போகும். முடிச்சை இழுக்கிற இறுக்கம் அடியிலிருந்து வாய் வரைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு வரிசை தவறினால் சரிசெய்ய வழியில்லை, அதுவரைக்கும் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். இதெல்லாம் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் விலையில் அதற்கும் ஒரு இடம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்களுக்குள்ளேயே இருக்கிற பிரச்சினை. யூடியூப் பார்த்துப் புதிதாகக் கற்றுக்கொண்ட தங்கைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அழகாகவும் பின்னுகிறார்கள். என்னிடமே சில பேர் வந்து கற்றுக்கொண்டார்கள், சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர்களில் பலர் 'பொழுதுபோக்காகத்தானே செய்கிறேன், வயர் காசு வந்தால் போதும்' என்று 200 ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் வேறு வருமானம் இருப்பதால் அவர்களுக்கு அது உறுத்தாது. ஆனால் அதே ஊரில் கூடை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிற ஒருத்திக்கு அன்றோடு வியாபாரம் போய்விடும், வாங்குகிறவருக்கும் கூடை என்றாலே 200 ரூபாய் என்று மனதில் பதிந்துவிடும். தங்கச்சி, உன் நேரத்துக்குக் கூலி போட்டு விலை சொல். விற்காவிட்டால் உறவுக்காரர்களுக்குச் சும்மா கொடு, அதில் தப்பே இல்லை. 200க்கு மட்டும் விற்காதே.

'உங்கள் கூடையும் பிளாஸ்டிக்தானே, இதில் என்ன பெருமை' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆமாம், பிளாஸ்டிக்தான், வயர் எங்கோ தொழிற்சாலையில்தான் வருகிறது. வயர் வந்தபோது பனை ஓலைப் பெட்டி முடைந்தவர்களும் மூங்கில் கூடை பின்னியவர்களும் இதே வலியைப் பட்டார்கள் என்பதை நான் மறக்கவில்லை. என் பாட்டி சந்தைக்குக் கொண்டுபோனது ஓலைக் கூடைதான். ஆனால் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்தது ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்கை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு ஆரம்பித்ததும் கடைக்குப் போகும்போது கையில் பை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் வீட்டில் என் கல்யாணத்துக்கு அம்மா பின்னிக் கொடுத்த பச்சைக் கூடை இன்னும் காய்கறி வாங்கப் போகிறது. கைப்பிடி இரண்டு தடவை மாற்றினேன், ஒரு மூலையில் நாலு இழை மாற்றினேன், அவ்வளவுதான். வார்த்த கூடையில் கைப்பிடி உடைந்தால் குப்பைதான், அதில் செருக இழை இல்லை, பிரிக்க முடிச்சு இல்லை.

இணையத்தில் விற்கலாமே என்கிறார்கள். முயற்சி செய்தேன். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் இணையச் சந்தைகளில் விற்க 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்தார்கள், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் கேட்டால் அந்த வழியாக அனுப்ப முடியாது. சரி, உள்ளூருக்கே அனுப்பலாம் என்றால் பார்சல் செலவு இடிக்கிறது. கூடை அரைக் கிலோகூட இருக்காது, ஆனால் இடத்தை அடைக்கிறது என்று பெட்டியின் அளவை வைத்துக் காசு போடுகிறார்கள். அதற்கும் மேல் பட்டியலில் என் கூடைக்குப் பக்கத்திலேயே அந்த 45 ரூபாய்க் கூடை அதே 'ஹேண்ட்மேட்' பெயரோடு உட்கார்ந்திருக்கும். படத்தில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது, 35 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், 50,000 ரூபாய் வரை மானியம். கூடை முடைவதும் அந்த 25 தொழில்களில் இருக்கிறது. மகளிர் குழுக்களில் கடன் கிடைக்கிறது, கண்காட்சியில் மேசை போட இடம் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் எனக்கு ஐந்து ரோல் வயர் வாங்கக் கடன் தேவையில்லை, பின்னி வைத்ததை நியாயமான விலைக்கு வாங்க ஆள்தான் தேவை. விற்காத கூடையை வைத்துக்கொண்டு தவணை கட்டுவது எப்படி என்று யாராவது சொன்னால் நாளைக்கே விண்ணப்பிப்பேன்.

நெசவாளர்களுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும் என்று 1985இலேயே சட்டம் போட்டார்கள். 2006இல் கைத்தறி முத்திரை கொண்டுவந்தார்கள், சேலையில் அந்தச் சீட்டு இருந்தால் தறியில் கையால் நெய்தது என்று வாங்குகிறவர் நம்பி வாங்கலாம். இதனால் நெசவாளர் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் கேட்பதற்கு ஒரு சீட்டாவது இருக்கிறது. கூடை பின்னுகிற எங்களுக்கு அதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் மகளிர் குழுக் கூட்டமைப்புகள் இருக்கின்றன. அவர்கள் மூலமாக, கையால் பின்னிய கூடைக்கு ஒரு சின்னத் துணிச்சீட்டு கொடுங்கள், பின்னியவரின் குழு எண்ணோடு. கைப்பிடி சுற்றும்போதே உள்ளே வைத்துக் கட்டிவிடலாம், கழற்றி வேறு கூடைக்கு மாற்றவும் முடியாது. அதோடு அச்சில் வார்த்த பொருளை 'ஹேண்ட்மேட்' என்று விற்கிறவர்களிடம் அந்தச் சொல்லை எடுக்கச் சொல்ல வேண்டும், கடையாக இருந்தாலும் இணையமாக இருந்தாலும். மலிவு விலையிலேயே விற்கட்டும், உள்ளதைச் சொல்லி விற்கட்டும்.

நவராத்திரி வருகிறது, கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நிறையப் பேர் சின்னக் கூடை வாங்குவார்கள். உங்கள் வாசகர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். வாங்கும் முன்னால் கூடையின் வாயைப் பிடித்து உள்பக்கம் பாருங்கள். கையால் பின்னியதில் வயரின் நுனிகள் முடிச்சுக்குள் செருகியிருக்கும், ஊசி வைத்து நெம்பினால் நுனி வெளியே வரும். அடியை அழுத்தினால் கொஞ்சம் கொடுத்துத் திரும்ப நிமிரும். அப்படி இருந்தால் விலையைக் கேளுங்கள், பேரமும் பேசுங்கள், பத்து இருபது குறைத்துக் கொடுக்காதவர்கள் இல்லை நாங்கள். கைப்பிடி போய்விட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள். நான் பின்னியதாக இருந்தால் வயர் காசு மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
வயர் கூடை பின்னும் ஒரு பெண்,
மன்னார்குடி