உன் பழைய வெள்ளை பெல்ட்

பாப்பா,

போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். நீ ஆறாம் வகுப்பில் கராத்தேக்குக் கட்டியிருந்த வெள்ளை பெல்ட்டைப் பரணிலிருந்து எடுத்து நான் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஆகிறது (முடிச்சுப் போட நுனிதான் மிஞ்சுகிறது, அது வேறு கதை). அதே மொட்டைமாடி வகுப்புதான். எனக்கு இந்தப் பக்கம் ஒன்பது வயசுப் பையன், அந்தப் பக்கம் நாலாவது படிக்கிற பெண், இரண்டும் என்னை ஆன்ட்டி என்கின்றன, மாஸ்டர் மட்டும் அவர்களை அதட்டுவதுபோலவே என்னையும் அதட்டுகிறார்.

அந்த மாடிப்படியில் வருஷக்கணக்காக உட்கார்ந்து உன்னைப் பார்த்தவள்தானே, ஹெயான் ஷோதான் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். நீங்களெல்லாம் முதலில் கற்ற கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுகள். மொத்தமே 21 அசைவு. நின்று பார்த்தால் முதல் அசைவிலேயே மாட்டிக்கொண்டேன். இடப்பக்கம் திரும்பி, முன்முட்டியை மடித்து, பின்காலை நீட்டி, கையைக் கீழே இறக்கித் தடுக்க வேண்டும். எனக்குக் கை முதலில் போய்விடுகிறது, இடுப்பு பின்னால் சாவகாசமாக வருகிறது. மூன்று வாரம் அந்த ஒரு திரும்பல்தான்.

அப்புறம்தான் கவனித்தேன், ஹெயான் வரிசையின் ஐந்து கட்டாவும் தடுப்பில்தான் தொடங்குகின்றன, ஒன்றுகூடக் குத்தில் தொடங்கவில்லை. ஜப்பானின் ஒகினாவாவில் இத்தோசு என்பவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அமைத்த கட்டாக்களாம் இவை. அவரிடம் கற்ற ஃபுனகோஷியும் பள்ளி வாத்தியார்தான். 1922இல் தோக்கியோவுக்குப் போய்க் கராத்தே காட்டியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். டெக்கி என்ற மூன்று கட்டாக்களுக்கு மட்டும் தனக்குப் பத்து வருஷம் ஆனதாகச் சொல்லியிருக்கிறார். நானோ உன்னை மூன்று மாசத்துக்கு ஒரு பெல்ட் என்று விரட்டினேன்.

பிரவுன் பெல்ட் டெஸ்டில் தவறிய அன்று பஸ்ஸில் எல்லார் முன்னாலும் திட்டினேனே, இத்தனை காசு கட்டியும் என்று. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், வீடு வரும்வரை பேசவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் வகுப்புக்குப் போனாய், பெல்ட்டும் வாங்கினாய், ஆனால் எனக்காகப் போனாய். இடுப்பு திரும்பாத இந்த மூன்று வாரத்தில்தான் அது எனக்கு உறைத்தது. தப்பு என்னுடையதுதான்.

மறுபடி சேர் என்று சொல்ல வரவில்லை. பொங்கலுக்கு வரும்போது ஒரு காலை மட்டும் மாடிக்கு வா, டெக்கி ஷோதானில் அந்தப் பக்கவாட்டு நடையை எனக்குக் காட்டு. அதற்கெல்லாம் இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்மா என்கிறார் மாஸ்டர், எனக்குப் பொறுமை இல்லை.

அம்மா