முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பழைய ஜீப்பத் தேடிப்பிடிச்சு வாங்கி பெரிய பெரிய டயரா மாட்டி ஓட்டுற பசங்களப் பத்தி படத்தோட போட்டிருந்தீங்க. படிக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டயர் சைஸ் பத்தி பெருசா போட்டா எங்க வேணா ஏறும்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க, அந்த ஒரு வரிய நம்பி நான் பட்ட பாடு இருக்கே, அதச் சொல்லலாம்னுதான் எழுதுறேன்.

எங்களுக்கு காரைக்குடி கிட்ட கல்லல் பக்கம் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயக்காடு. அப்பா காலத்துல வாங்குன மஹிந்திரா எம்எம் 540 ஜீப் ஒண்ணு கிடக்கு, போர் வீல் டிரைவ், அதாவது வேணும்ங்கிறப்ப ஒரு லிவரப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும், இல்லேன்னா பின் சக்கரம் மட்டும்தான். தேங்கா மூட்டை, உரம், மோட்டாரு எல்லாம் அதுலதான். ரெண்டு வருசம் முன்னாடி பின் டயர் ரெண்டும் பட்டன் (தரையப் புடிக்கிற கட்டம்) தேஞ்சு மொட்டையாயிருச்சுன்னு டயர் கடைக்குப் போனேன். கம்பெனில வந்த அளவு 6.00-16, அதாவது டயர் அகலம் 6 இஞ்ச், ரிம் 16 இஞ்ச். கடைக்காரரு, அண்ணே பின்னாடிதான லோடு ஏத்துறீங்க, 7.00-16 போடுங்க, வண்டி நல்லா தூக்கி நிக்கும்னாரு. அப்ப முன்னாடி சின்னதா இருக்குமேன்னு கேட்டேன். போர் வீல் டிராக்டரப் பாருங்க, அதுல முன் டயர் சின்னது பின் டயர் பெருசுதான, ஓடலையான்னு திருப்பிக் கேட்டாரு. எனக்கும் பதில் தெரியல, மாட்டிட்டு வந்துட்டேன்.

ஒரு மாசம் ஒண்ணும் தெரியல. ஏன்னா காரைக்குடி போயிட்டு வர்றதெல்லாம் ஜீப்ப பின் சக்கரம் மட்டும் இழுக்குற டூ வீல்ல வச்சுத்தான். ஐப்பசி மழையில கம்மாக்கரை ஓரமா வண்டி இறங்கிருச்சு, போர் வீல் போட்டு ஏத்துனேன், ஜம்முனு ஏறிருச்சு. அதே சந்தோசத்துல போர் வீல் லிவர எடுக்க மறந்து தார்ரோட்டுல ஏறிட்டேன். ஒரு அரை கிலோமீட்டர்ல வண்டி யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி திணறுது, டயர் கீச்சு கீச்சுனு கத்துது, லிவர இழுத்தா வரவே இல்ல, வெல்டு வச்ச மாதிரி நிக்குது. எங்க மெக்கானிக் பாய்க்கு போன் போட்டேன். ரிவர்ஸ்ல மெதுவா கொஞ்சம் வாங்க, வரலேன்னா ஒரு சக்கரத்த ஜாக்கி வச்சுத் தூக்குங்கன்னாரு. ரிவர்ஸ்ல வரல, ஜாக்கி வச்சேன். சக்கரம் தரைய விட்டு எந்திரிச்ச உடனே டொம்முனு ஒரு சத்தம், சக்கரம் தானா திரும்பிச்சு பாருங்க, எனக்கு உசுரே போயிருச்சு. அப்பறம் லிவர் வெண்ணெயா வந்துச்சு.

மறுநாள் பாய் வீட்டுக்கு வந்து ஒரு வேல பண்ணாரு. முகப்புக்கு முன்னாடி இருக்க சிமெண்டு தரையில, வீட்டுல இருந்த கோலமாவ வாங்கி முன் டயர்ல ஒரு கோடு பின் டயர்ல ஒரு கோடு போட்டு, வண்டிய ஒரு சுத்து தள்ளச் சொல்லி டேப்பு வச்சு அளந்தாரு. முன்னாடி 2 மீட்டர் 22 சென்டிமீட்டர், பின்னாடி 2 மீட்டர் 37. பதினஞ்சு சென்டிமீட்டர்தானன்னு நினைச்சேன், கணக்குப் போட்டா 100 மீட்டர் போறதுக்குள்ள முன் சக்கரம் பின் சக்கரத்த விட கிட்டத்தட்ட மூணு சுத்து கூட சுத்தியாகணும். இந்த மாதிரி பழைய வண்டில போர் வீல் போட்டா முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல வேக வித்தியாசத்த சரிக்கட்டுற டிபரன்ஷியல் கிடையாது, இன்ஜின் இழுவைய முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்குற டிரான்ஸ்பர் கேஸ் ரெண்டு ஷாப்டையும் ஒரே வேகத்துல சுத்தும். சேத்துல மண்ணுல டயர் வழுக்கி சரி பண்ணிக்கும், தார்ரோட்டுல வழுக்க எடமில்ல, அந்த முறுக்கு முழுசும் கியர்லயும் ஷாப்டுலயும் போயி உக்காந்துக்கும். டிராக்டர்ல ஏன் ஓடுதுன்னா, முன் டயர் சின்னதுன்னு தெரிஞ்சு முன் ஆக்சில் அதுக்குத் தக்கன வேகமா சுத்துற மாதிரியே கியர் வச்சுத்தான் செய்றாங்க. இது தெரியாம எனக்கு உபதேசம் பண்ணிட்டாரு கடைக்காரரு, நானும் தலையாட்டிட்டேன்.

அதனால பழைய போர் வீல் வண்டி வச்சிருக்கவங்க மொதல்ல பாக்க வேண்டியது நாலும் ஒரே அளவா, ஒரே மாதிரி தேஞ்சிருக்கான்னுதான். ஸ்டெப்னியும் அதே அளவு இருக்கணும். ரெண்டு புதுசு ரெண்டு மொட்டைன்னாலே போர் வீல்ல வித்தியாசம் காட்டும்.

அடுத்து என் மகன் ஆரம்பிச்சான். 15 இஞ்ச் ரிம் வாங்கி 31 இஞ்ச் உயர டயர் போடுவோம்பா, படத்துல இருக்க மாதிரின்னு. உக்கார வச்சு கணக்குப் போட்டோம். 235/75 ஆர்15னு இருந்தா 235 மில்லிமீட்டர் அகலம், அதுல 75 சதவீதம் பக்கவாட்டு உயரம், அத ரெட்டிச்சு ரிம்மோட 381 மில்லிமீட்டரக் கூட்டுனா 733 வரும், அதாவது 29 இஞ்சுக்கு கொஞ்சம் கம்மி. 215/75 ஆர்15 கிட்டத்தட்ட 27.7 இஞ்ச். எங்க பழைய 6.00-16 சுமாரா 28.5. அப்ப 15 ரிம்முக்கு மாறியே ஆகணும்னா 235 பக்கத்துல வருது, 31ங்கிறது ரொம்ப தூரம். அவ்வளவு பெருசு போட்டா மீட்டர் 60 காட்டுறப்ப வண்டி 65ல போகும், அது கூட பரவால்ல. இருக்கிறது பழைய பீஜோ டீசல் இன்ஜின், டயர் பெருசானா ஒவ்வொரு கியரும் பாரமாயிரும், ரெண்டாவதுல ஏறுன எடத்துல மொத கியர் கேக்கும். பிரேக்கு டிரம்மு, அது பாவம் இருக்குற டயர நிறுத்தவே யோசிக்குது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயர் போயி ஸ்பிரிங் பட்டையில உரசும். வண்டிய கம்பெனி குடுத்ததுல இருந்து மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு வேற இருக்கு, 15 வருசம் தாண்டுன வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கப் போறப்ப அங்க நின்னு யாரு பதில் சொல்றது.

அகலமான டயர் மணல்ல மிதக்கும், அது உண்மை. ஆனா நம்ம பக்கம் மணலா இருக்கு? மேல செம்புறாங்கல்லு சரளை, கம்மாக்குள்ள வழுவழுன்னு களி. களியில ஒல்லி டயர்தான் கீழ அழுத்திப் போயி கெட்டித் தரையப் புடிக்கும், அகலமானது மேலயே வழுக்கிட்டு நிக்கும். அப்பறம் சீமைக்கருவேல முள்ளு, வெட்டிப்போட்ட கட்டை, இதுக்கெல்லாம் ரேடியல விட நைலான் டயர் பக்கவாட்டு தாங்குதுன்னு என் அனுபவம், தார்ரோட்டுல மட்டும் ஓட்டுறவங்களுக்கு ரேடியல்தான் சுகம், அத மறுக்கல.

இன்னொண்ணு, 6.00-16ங்கிற அளவு டிராக்டர் முன் டயர்லயும் வருது. வெல கம்மின்னு அத ஜீப்புக்கு மாட்டுறவங்கள நானே பாத்திருக்கேன். பக்கவாட்டுல ஏ6, ஏ8னு எழுதியிருந்தா அது 30, 40 கிலோமீட்டர் வேகத்துக்கான டயர், திருப்பத்தூர் ரோட்டுல 70ல போக இல்ல. அதே எடத்துல நாலு நம்பர் இருக்கும், 2314னு இருந்தா 2014ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். இந்த பழைய அளவெல்லாம் கடையில வருசக்கணக்கா மூலையில கிடக்கும், பட்டன் புதுசா இருக்கேன்னு ஏமாந்துறக் கூடாது.

கடைசியில நாலும் 6.00-16, ஜீப்புக்குன்னே வர்ற டயராப் பாத்து, ஸ்டெப்னியோட அஞ்சா வாங்கிட்டேன். அந்த ரெண்டு 7.00-16ம் மாட்டுக்கொட்டகையில கிடக்கு, கோழி முட்டை வைக்குது. ஆசிரியர் ஐயா, அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டா டயர் பக்கவாட்டு எழுத்த மட்டும் கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, பெரிய டயர் படம் நாலு போட்ட எடத்துல அது ஒண்ணு போட்டா போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஜீப்காரன்,
கல்லல்