ஏர் பம்பின் இரைச்சலும் அதிர்வும்: மாற்றுப் பம்பு கோரிப் புகார்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நான்கு வாளி ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் நீரில் செடி வளர்க்கும் முறை) தொகுப்புடன் வந்த ஏர் பம்பின் இரைச்சல், அதிர்வு – மாற்றுப் பம்பும் இழப்பீடும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மார்ச் மாதம் தங்கள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே பணம் செலுத்தி, வீட்டுக்குள் கீரை வளர்ப்பதற்கான நான்கு வாளித் தொகுப்பை வாங்கினேன். எங்கள் வீட்டு பால்கனி மேற்குப் பார்த்தது. மூன்றடி அகலம்கூட இல்லை. அதனால் ஹாலின் ஒரு மூலையில், எல்இடி விளக்கின் கீழ் அதை அமைத்தோம். வாளி, வலைக்கிண்ணம், விளக்கு ஆகியவற்றில் எனக்குக் குறையில்லை. என் புகார் முழுவதும் அத்துடன் வந்த, வேர்கள் மூழ்கியிருக்கும் நீருக்குள் காற்றைச் செலுத்தும் நான்கு வழி ஏர் பம்பைப் பற்றியதுதான்.

பெட்டியின் மேல் ‘அமைதியான இயக்கம், 40 டெசிபலுக்கும் குறைவு’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முதல் நாள் இரவே அது உண்மையல்ல என்று தெரிந்துவிட்டது. பம்பைப் பிளைவுட் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம்; மேல்தட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர் கிணுகிணுவென்று அதிர்ந்து, விடிவதற்குள் தட்டின் விளிம்புவரை நகர்ந்திருந்தது. வீணையின் குடம் தந்தியின் நாதத்தைப் பெருக்கித் தருவதைப்போல, அந்த அலமாரி பம்பின் ரீங்காரத்தைப் பெருக்கியது. தரைக்கு மாற்றியபோது சத்தம் எங்களுக்குச் சற்றுக் குறைந்தது, ஆனால் மூன்றாம் நாள் கீழ்வீட்டில் இருக்கும் வயதான அம்மா மாடியேறி வந்து, “ராத்திரியெல்லாம் கிரைண்டர் போடுறீங்களாப்பா?” என்று கேட்டார். காற்றில் வரும் ஓசை ஒன்று, தளத்தின் வழியே இறங்கும் அதிர்வு மற்றொன்று என்பதை அன்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

குறை சொல்வதற்கு முன் என்னால் முடிந்ததைச் செய்துபார்த்தேன். முதலில் பம்பின் அடியில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை வைத்தேன்; பம்பின் எடையில் இரண்டே நாளில் அது தட்டையாகிப் பயனற்றுப் போனது. பிறகு சைக்கிள் டியூபை வெட்டி நான்கு மூலைகளிலும் இரண்டு மடிப்பாக வைத்தேன். ஓரளவு பலன் இருந்தது. கடைசியில் சுவரில் கொக்கி அடித்து, பருத்திக் கயிற்றில் பம்பைத் தொங்கவிட்டபோதுதான் கீழ்வீட்டுக்கு இறங்கிய அதிர்வு அடியோடு நின்றது. அப்போதும் தாங்கள் தந்த விறைப்பான காற்றுக் குழாய் சுவரை உரசிய இடத்தில் சுவரே முனகியது; அதை எடுத்துவிட்டு மிருதுவான சிலிக்கோன் குழாயை மாட்டினேன். எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து, குழாய் முனையில் காற்றைச் சிறு குமிழ்களாக்கும் ஏர் ஸ்டோன்களில் ஒன்று பாதி அடைத்திருந்தது. அடைப்பு இருந்தால் பம்பு எதிரழுத்தத்தை முட்டித் தள்ள வேண்டியிருக்கும், சத்தமும் கூடும் என்பதால் அதையும் வினிகரில் ஊறவைத்துக் கழுவினேன். இவ்வளவுக்கும் பிறகு, ஒரு மீட்டர் தூரத்தில் என் கைப்பேசிச் செயலி காட்டிய அளவு 58 டெசிபலிலிருந்து 49 ஆகக் குறைந்தது. கைப்பேசி என்பது தரச்சான்று பெற்ற கருவியல்ல என்பதை அறிவேன். ஆனால் அதே கைப்பேசியை அதே இடத்தில், இரவு அதே நேரத்தில் வைத்து எடுத்த அளவுகள் என்பதால் அந்த வித்தியாசத்தை நம்புகிறேன்.

எஞ்சிய சத்தம் ரீங்காரமல்ல, தடதடப்பு. உத்தரவாத முத்திரை எதுவும் இல்லாததால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அடிமூடியின் நான்கு திருகுகளையும் கழற்றிப் பார்த்தேன். இவ்வகைப் பம்பில் நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கம்பிச்சுருளில் பாயும்போது, காந்தம் பொருத்திய சிறு கை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடி, ரப்பர் சவ்வை அழுத்திக் காற்றைத் தள்ளுகிறது. காந்தம் இரும்பு மையத்தைத் தொடாமல், இரு பக்கமும் சம இடைவெளியுடன் ஆட வேண்டும். என் பம்பில் மூன்று கைகள் அப்படித்தான் இருக்கின்றன. நான்காவது கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. காந்தத்தின் விளிம்பு இரும்பில் மோதி மோதி, அந்த இடம் மட்டும் தேய்த்த காசைப்போலப் பளபளக்கிறது. இது நான் வைத்த இடத்தாலோ ஸ்பாஞ்சாலோ வந்த கோளாறல்ல. தங்கள் தொழிற்சாலையில் பொருத்தும்போதே நேர்ந்த பிழை. படங்களும் காணொளியும் இணைப்பில் உள்ளன.

இதை விவரித்து நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பதில் வந்தது: ‘இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பம்பை நிறுத்தி வைக்கவும்.’ என்னை மிகவும் வருத்தியது இந்தப் பதில்தான். செடி தொடர்பான பொருளை விற்கும் நிறுவனம் சொல்கிறதே என்று நம்பி, மே மாதத்தில் ஐந்து இரவுகள் அப்படியே செய்தேன். வேர் பகலில் மட்டுமல்ல, இரவிலும் சுவாசிக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5 தான். அதையும் எட்டு மணி நேரம் புதுப்பிக்காமல் விட்டால், வேர் நிறைந்த வாளியில் என்ன மிஞ்சும்? தினமும் காலையில் மூடியைத் தூக்கி வேரைப் பார்ப்பது என் தாயாரின் வழக்கம். ஆறாம் நாள் காலை, வெள்ளை நூல்போல இருந்த வேர்கள் பழுப்பேறி, தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டின. வாளியிலிருந்து சாக்கடை வாடை வீசியது. இரண்டு வாளிப் பாலக்கீரையும் ஒரு வாளி லெட்டூஸும் வீணாயின. அன்று அவர் அந்த மூடியைப் பேசாமல் மூடிவைத்ததை நான் மறக்கவில்லை.

தங்கள் கையேட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். பம்பை வாளிக்கு அருகில் தரையில் வைக்குமாறு அதில் படம் போட்டிருக்கிறது. தரையில் வைத்தால் அதிர்வு தளத்தில் இறங்கும் என்பது ஒருபுறம். நீர்மட்டத்துக்குக் கீழே பம்பு இருந்தால், மின்வெட்டின்போது தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் புகுந்துவிடக்கூடும். அதைத் தடுக்கும் ஒருவழி வால்வு தொகுப்பில் இல்லை. நானே வாங்கி மாட்டினேன்.

ஆகவே, பழுதான பம்பைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, சோதித்துப் பார்த்த புதிய பம்பை அனுப்புமாறும், அது இயலாதெனில் பம்பின் விலையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். சிலிக்கோன் குழாய், வால்வுகள் ஆகியவற்றுக்கு நான் செலவிட்ட தொகையையும் அழிந்த பயிருக்கான ஊட்டக் கரைசலின் விலையையும் தர வேண்டும், ரசீதுகளை இணைத்துள்ளேன். மேலும், பெட்டியில் உள்ள 40 டெசிபல் என்ற அளவு எவ்வளவு தூரத்தில், ஏர் ஸ்டோன்களை மாட்டியா மாட்டாமலா எடுக்கப்பட்டது என்பதை எழுத்துமூலம் தெரிவியுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானாலே ஏறக்குறைய 6 டெசிபல் குறைந்துவிடும் என்பதால், தூரத்தைச் சொல்லாத டெசிபல் கணக்கை வைத்து வாங்குபவர் எதையும் முடிவு செய்ய முடியாது. இரவில் நிறுத்தி வைக்கும் அறிவுரையை இனி எந்த வாடிக்கையாளருக்கும் தர வேண்டாம் என்றும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020இன்படி, குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்குள் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். அதுவரை பம்பு கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். மீதமுள்ள ஒரு வாளிக் கீரைக்காக அதை இரவிலும் நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: கொள்முதல் ரசீது, உதிரிப் பொருள்களின் ரசீதுகள், பம்பின் உட்பகுதிப் படங்கள், காணொளி, முந்தைய மின்னஞ்சல்களின் நகல்கள்.