அந்த அம்புக்குறியை எந்த சேட்டிலைட்டும் படம் எடுக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல செவ்வாய் கிரகத்துப் புழுதிப்புயல் பத்தி வந்த கட்டுரை நல்லாவே இருந்துச்சு, ஆனா அதுல போட்ட கலர் மேப்புக்குக் கீழ "சேட்டிலைட் எடுத்த படம்"னு போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கிரகம் முழுக்க அம்புக்குறி போட்ட மேப் அது. அதை எந்த கேமராவும் எடுக்க முடியாது. மேல சுத்துற சேட்டிலைட் அங்க தினமும் அளக்குறது முக்கியமா வெப்பநிலையும், காத்துல புழுதி எவ்வளவு மிதக்குதுங்கிறதும்தான். காத்தைக் கணக்குப் போட்டுக் குடுக்குறது கம்ப்யூட்டர் மாடல்.

இதைச் சொன்னா உடனே "அப்போ மொத்தமும் கற்பனையா"ன்னு ஒரு கூட்டம் கெளம்பும், அதுவும் தப்பு. மாடல் சில மணி நேரம் முன்னாடி ஓடி இந்த இடத்துல இவ்வளவு சூடு இருக்கணும்னு சொல்லும், சேட்டிலைட் வந்து இல்லப்பா இவ்வளவுதான்னு சொல்லும், ரெண்டுலயும் எவ்வளவு பிழை வரலாம்னு பாத்து அதுக்கேத்த மாதிரி நடுவுல ஒரு மதிப்புக்கு மாடலைத் திருத்திட்டு மறுபடி ஓட விடுவாங்க. டேட்டா அசிமிலேஷன்னு பேரு. செவ்வாயும் பூமி மாதிரியே வேகமா, 24 மணி 37 நிமிஷத்துல தன்னைத்தானே ஒரு சுத்து சுத்துறதால, எங்க சூடு எங்க குளிர்னு தெரிஞ்சா உயரம் போகப்போக காத்து எப்படி மாறும்னு இயற்பியலே பெரும்பாலும் சொல்லிடும்.

சிக்கல் எங்கன்னா, 2006ல போய்ச் சேர்ந்த நாசாவோட மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர் சேட்டிலைட்ல இருக்குற கிளைமேட் சவுண்டர் கருவி கிரகத்தோட விளிம்பைப் பக்கவாட்டுல பாத்து சுமார் 80 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் அடுக்கடுக்கா வெப்பநிலை எடுக்கும், ஆனா துருவத்தை ஒட்டிய இடங்களை விட்டா அது கடந்து போறப்பெல்லாம் கீழ கிட்டத்தட்ட மதியம் 3 மணி, இல்லன்னா விடியக்காலை 3 மணி. மத்த நேரமெல்லாம் மாடல் பொறுப்பு. புயல் பெருசாயிட்டா இன்னும் மோசம், பக்கவாட்டுல பாக்குறதால அடி அடுக்கெல்லாம் புழுதியில மறைஞ்சு போயிடும். நமக்கு ரொம்பத் தேவைப்படுற இடமே அதுதான், என்ன பண்றது. 2021ல போய்ச் சேர்ந்த அமீரகத்து ஹோப் சேட்டிலைட் நாளோட எல்லா நேரத்தையும் பாக்குற மாதிரி சுத்துறது இந்த விஷயத்துல பெரிய உதவி.

இன்னொண்ணு கட்டுரையில சுத்தமா இல்ல. அங்க காத்தழுத்தம் சுமார் 6 மில்லிபார்தான், பூமியில ஆயிரம். அவ்வளவு லேசான காத்து ஓரிரு நாள்லயே சூடாகி ஆறிடும், அதனால வெப்பநிலையை மட்டும் திருத்தி விட்டா மாடல் சீக்கிரமே அதை மறந்துட்டு பழைய நெலமைக்குப் போயிடும். புழுதி எங்க, எவ்வளவு, எந்த உயரத்துலங்கிறதையும் சேத்துத் திருத்தணும், ஏன்னா வெயிலை வாங்கி காத்தைச் சூடாக்குறதே அதுதான். 2018 புயல்ல ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் ஜூன் 10ஓட பேச்சை நிறுத்திடுச்சு, வெயில் கீழ வராம சோலார் பேனல்ல கரண்ட் இல்லாமப் போச்சு. புழுதிக்கணக்கு மாடல்ல எவ்வளவு முக்கியம்னு இதுலயே தெரியும்.

நாசாவோட பழைய சேட்டிலைட் மார்ஸ் குளோபல் சர்வேயர் எடுத்த அதே அளவீட்டை வச்சு, இந்த மாதிரி மாடலைத் திருத்தி, பிரிட்டன்ல மக்டான்னும் அமெரிக்காவுல ஈமார்ஸ்னும் தனித்தனியா தொகுப்பு பண்ணிருக்காங்க, ரெண்டும் எல்லா இடத்துலயும் ஒத்துப்போகாது. அதனால அடுத்த தடவை மேப் போட்டா எந்த மாடல், எந்த சேட்டிலைட், எந்த வருஷம்னு கீழ ஒரு வரி போட்டுடுங்க. அப்படியே வெள்ளி கிரகத்தைப் பத்தியும் ஒரு கட்டுரை வேணும், 2015ல இருந்து சுத்தின ஜப்பானோட அகட்சுகி விண்கலம் மேகம் நகர்றதைப் படம்படமா எடுத்து அதுல இருந்தே காத்து வேகத்தை எடுக்க வழி பண்ணுச்சு, அங்க நெலமையே வேற.

இப்படிக்கு,
உங்க வாசகர்